பதில் சொல்லாத பிரவுசர்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது பேசாமல் இருந்தால், சம்மதித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன். என் கல்யாணமே அப்படித்தான் நிச்சயமானது. தென்காசியில் பெண் பார்க்கப் போனபோது, “ஏட்டி, மாப்பிள்ளையப் பிடிச்சிருக்கா?” என்று அவள் அத்தை கேட்டார். செல்வி வாயே திறக்கவில்லை. உடனே பூ வைத்துவிட்டார்கள் (என்ன அவசரமோ!).

வருங்கால மாமனாருக்குக் குற்றாலத்தில் லாட்ஜ். சீசன் வந்தால், “தண்ணி விழுதா அண்ணாச்சி?” என்று கேட்டே அவர் போனைச் சூடாக்கிவிடுவார்கள்.

“மாப்ள, கம்ப்யூட்டர் படிச்சவரு நீங்க. அருவிய நம்ம வெப்சைட்ல காட்டிருங்களேன்” என்றார். கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. என் மானப் பிரச்சினை.

மெயினருவியைப் போனில் படம் பிடித்தேன். வீடியோவைச் சுருக்கிய முறைக்கு ஒரு கோடெக் பெயர் உண்டு. அதைச் சொல்லி, ‘இதை ஓட்ட முடியுமா?’ என்று கம்ப்யூட்டர் பிரவுசரிடமே கேட்கலாம். என் வீடியோவின் பெயர் hvc1.1.6.L93.B0. (பெயரா இது, லாரி நம்பரா?) முதலில் வேறொரு பெயரைக் கொடுத்துப் பார்த்தேன். ‘அனேகமாக’ என்றது. இன்னொன்றுக்கு ‘ஒருவேளை’ என்றது. ‘ஆமாம்’ என்று சொல்லவே அதற்குத் தெரியாதாம், ‘அனேகமாக’தான் அதிகபட்சம்! எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் என் வீடியோவைக் கேட்டேன். பதிலே இல்லை, வெறுமை.

மறுப்பு ஒன்றும் இல்லையே என்று சந்தோஷமாக ஏற்றிவிட்டேன். என் போனில் அருவி ஜோராகக் கொட்டியது. கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கத் தோன்றவில்லை, மடையன்!

மறுநாள் மாமனார் கூப்பிட்டார்.

“மாப்ள, படம் கறுப்பா கெடக்கு, தண்ணி சத்தம் மட்டும் ஹோன்னு கேக்குது! லாட்ஜுக்குள்ள வெள்ளம் வந்து கரண்ட் போயிட்டான்னு கேக்குதாவ! நாலு ரூம கேன்சல் பண்ணிட்டாவ!”

“அது ஒண்ணும் சொல்லலியே மாமா…”

“எது?”

“பிரவுசர்.”

மறுமுனையில் பேச்சே இல்லை. அதை மட்டும் சம்மதம் என்று நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பதறிப்போய்த் தேடியபோதுதான் தெரிந்தது: பதில் வெறுமையாக வந்தால் ‘முடியாது’ என்று அர்த்தம். வீடியோவை எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓடும் முறைக்கு மாற்றி ஏற்றிவிட்டு, செல்விக்குப் போன் போட்டுப் புலம்பினேன்.

சிரித்தாள். “நல்ல பிரவுசரு. அன்னைக்கு நானும் ஒண்ணும் சொல்லலியே.”

“அப்ப… பிடிக்கலியா?”

“நீங்க எங்க கேட்டீங்க? இப்பக் கேளுங்க.”

கேட்டேன்.

“அனேகமா” என்றாள்.

கல்யாணமாகி எட்டு வருஷம் ஆயிற்று. விசேஷ வீடுகளில் யாராவது மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால், செல்வி சொல்லி இதைத் தெரிந்துகொண்ட மாமனார் இன்றும், “அனேகமா நல்லவரு” என்கிறார். கூட்டம் சிரிக்கிறது. செல்வி மட்டும் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு என்னவென்று கேட்டுவிடுகிறேன்.