பெட்டரிக்குக் காய்ச்சல்

மூன்றாவது நாளாக வண்டி அதே வளைவில் நின்றுவிட்டது. சிறில் இறங்கி, சீட்டைத் தூக்கி, பெட்டரியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிள்ளையின் நெற்றியில் கை வைப்பது போலத்தான் வைத்தார்.

“சில்லுன்னு கிடக்கே.”

வளைவில் தேநீர்க்கடை வைத்திருந்த றுகையா எட்டிப் பார்த்தாள். என்னமோ சொல்ல வாயெடுத்தவள், “தேத்தண்ணி ஊத்தவா அண்ணே?” என்று மட்டும் கேட்டாள்.

அது அவர் மனைவி ரோசலினின் மின்சார ஸ்கூட்டர். தெஹியோவிட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. அவர்கள் குடியிருந்த லயம், அந்த வரிசை வீடுகள், மலை மேலே. தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா மலையடியில். ரோசலின் அங்கேதான் வேலை பார்த்தாள். முழங்கால் வலியோடு அவள் ஏறி வருவதைப் பார்க்கப் பொறுக்காமல் சிறில் அலைந்து திரிந்து வாங்கிக் கொடுத்த வண்டி. மூன்று வருஷம் ஓட்டினாள். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சத்தமே இல்லாமல் வாசலில் வந்து இறங்குவாள். “பூ மாதிரி ஏறுதுங்க,” என்பாள்.

போன வருஷம் எலிக்காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் போய்விட்டாள்.

வருகிற ஞாயிறு மலையடிக் கோயிலில் முதலாம் ஆண்டுப் பூசை. பூசையில் வைக்கும் அவள் படத்தை அவளுடைய வண்டியிலேயே வீட்டு வாசல்வரை கொண்டுவந்து சேர்ப்பதாகச் சிறில் நேர்ந்திருந்தார். அதற்காகத்தான் திங்கட்கிழமையிலிருந்து ஓட்டிப் பார்க்கிறார். வண்டியோ வளைவைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

“குளிர்தான் மாமா காரணம்,” என்றான் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சதீஸ், கேட்பதற்கு முன்பே. “மழை தொடங்கிருச்சில்ல? பெட்டரிக்குக் குளிர் ஆகாதாம். நீங்க ஒண்ணும் பண்ணல.”

கைபேசியில் ஒரு வீடியோ காட்டினான். ஒரு வெள்ளைக்காரர் முழங்காலளவு பனியில் நின்று பெட்டரிக்குக் கம்பளி சுற்றிக்கொண்டிருந்தார்.

“நம்ம ஊர்ல எங்கடா பனி?”

“அவங்களுக்குப் பனி, நமக்கு மழை. எல்லாம் ஒண்ணுதான் மாமா.”

அன்று சாயங்காலம் பெட்டரி கழன்று வீட்டுக்குள் வந்தது. கட்டிலில் ரோசலின் படுக்கும் பக்கத்தில் அதைக் கிடத்தி, அவளுடைய போர்வையைப் போர்த்தி, மூச்சு முட்டிவிடுமோ என்பது போலக் கைப்பிடியை மட்டும் வெளியே விட்டார். வியாழக்கிழமை காலையில் போர்வையோடேயே வண்டியில் பொருத்தி ஓட்டினார். வளைவில் சிவப்பு விளக்கு சிமிட்டிச் சிமிட்டி அணைந்தது.

“கொதிக்குதுடா!”

“போர்வையோடயா ஓட்டுனீங்க மாமா?”

“கழட்டணும்னு நீ சொன்னியா?”

காய்ச்சலுக்கு என்ன செய்வோம்? ஈரத்துணி போடுவோம். சிறில் ஈரச் சாக்கைப் போட்டார். சூடு இறங்கியது, தண்ணீர் பிளக்குக்குள்ளும் இறங்கியது. மறுநாள் வண்டி வளைவுவரை கூட வரவில்லை. கீழே பாலத்தடியிலேயே நின்றது.

“இப்ப ஈரத்தைக் காய வைக்கணும்,” என்றார் சிறில்.

“வேணாம் மாமா, வண்டி ரிப்பேர் பண்ற பாஸ்கிட்ட கொண்டு போய்க் காட்டுவோம்.”

“இருபத்தெட்டு வருஷமா சூட்டைக் கையால பாக்கிறவன்டா நான். எனக்கு எந்த பாஸ் வந்து சொல்றது?”

அதுவும் உண்மைதான். லயத்துக்கு மேலே இருக்கும் ரப்பர் ஸ்டோரில் புகையறைக்குப் பொறுப்பு அவர். உள்ளே தகடு தகடாகக் காயத் தொங்கும் ரப்பர் சீட்டுக்கு எவ்வளவு சூடு போதும் என்பதைக் கதவில் கை வைத்தே சொல்லிவிடுவார். தெர்மாமீட்டர் பழுதானால்கூட அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. அன்று பகல் பெட்டரியும் சீட்டுகளுக்கு நடுவே தொங்கியது.

ஸ்டோருக்குப் பொறுப்பான சிங்கள மாத்தயா கதவைத் திறந்தவர் இரண்டடி பின்னால் போனார்.

“மே மொகத, சிறில்? இது என்ன? இதையும் சீட்டோட சேத்துக் கப்பல்ல ஏத்தவா?”

“ஈரம் காயட்டும்னுதான் சேர்…”

“காயாது, வெடிக்கும்! ஸ்டோரே போயிரும்! எடு வெளியில!”

ஞாயிற்றுக்கிழமை வண்டி இறக்கத்தில் தானாக உருண்டு கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. பூசை முடிந்து சாவியைத் திருப்பினால் ஒரு விளக்குகூட எரியவில்லை.

சிறில் படத்தைச் சீட்டில் நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் கட்டினார். மாலை நசுங்காமல் சரிசெய்தார். முன்னால் கைப்பிடியை அவர் பிடிக்க, பின்னால் சதீஸ் தள்ள, தூறலில் ஏற்றம் ஏறினார்கள். சட்டக் கண்ணாடிக்குள் ரோசலின் சிரித்தபடி வந்தாள். வளைவில் சிறிலுக்கு மூச்சு வாங்கியது. றுகையாவின் கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

“படம் நனையுது மாமா. போவோமா?”

சிறில் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு நான் அவ நெத்தியில கை வெச்சுப் பாத்தேன்டா. லேசான சூடுதான், ரெண்டு மல்லித்தண்ணி குடிச்சா சரியாப் போயிரும்னேன். என் கையை நம்பி ரெண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகாம கிடந்தா.”

“அத ஏன் மாமா இப்ப…”

“அவ மூணு வருஷம் பூ மாதிரி வெச்சிருந்தா இந்த வண்டிய. எங்கிட்ட ஒரு கிழமை தாங்கல. இதையும் இந்தக் கைதான் கொன்னுருச்சு.”

சதீஸ் தலையைத் திருப்பிக்கொண்டான். தேத்தண்ணிக் கோப்பையோடு வந்த றுகையா அவனைப் பார்த்தாள். சொல்லிவிடு என்பது போல அவன் மெதுவாகத் தலையாட்டினான். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அண்ணே, வாங்கின கிழமையில இருந்தே இது இந்த வளைவோட நின்னுரும், மூணு வருஷமும் அக்கா இங்க இருந்து தள்ளிக்கிட்டுப் போயி, லயத்து முனை இறக்கத்துல முகத்தைத் தொடச்சிட்டு ஏறி உக்காந்துதான் ஒங்க வாசலுக்கு வருவாங்க, ‘அவரு ஆசையா வாங்கிக் குடுத்தது, தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாரு, சொல்லிராதீங்க’ன்னு லயத்துல அத்தனை பேர்கிட்டயும் சத்தியம் வாங்கி வெச்சிருந்தாங்க.”