நண்டு தின்ற சைவப் பிள்ளை

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

மதிப்புக்குரிய புத்தூர் திரு. தியாகராசா அவர்கட்கு,

கர்த்தரின் கிருபையால் இங்கே நானும் மனைவி வினிபிரட்டும் சுகம். அங்கே நீங்களும் துணைவியாரும் உங்கள் வெங்காயத் தோட்டமும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இந்த வீட்டில் சுகமில்லாமல் போனது ஒரேயொரு சீவன். அது என்னுடைய நண்டு. அதைத் தின்றவன் உங்கள் மகன் ஜெயதீபன்.

கம்பஸுக்குப் பக்கத்தில் அறை கேட்டு எத்தனையோ பெடியள் வந்தார்கள். உங்கள் மகனுக்கு நான் கொடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான்: சைவச் சாப்பாட்டுக்காரன், எங்கள் நண்டுச் சட்டிக்குப் போட்டிக்கு வரமாட்டான். அந்த நம்பிக்கையில்தான் முழுநிலவுப் பறுவத்தன்று சந்தையில் ஒரு நண்டை உயிரோடு வாங்கி வந்தேன். பறுவத்து நண்டில் சதை இராது என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே மீன்தொட்டியில் மணல் போட்டு, கடல்தண்ணீர் விட்டு, ஒளிந்திருக்க ஒரு உடைந்த பூச்சாடியும் வைத்து, அமாவாசைக்குக் கொழுக்கட்டும் என்று இறாலும் மீன் துண்டும் போட்டு வளர்த்தேன், பெற்ற பிள்ளைகளைக்கூட நான் இப்படிப் பார்க்கவில்லை. இன்று காலை போய்ப் பார்த்தால் நண்டு கிடக்கிறது, கால் இருக்கிறது, கொடுக்கு இருக்கிறது, கண்கூட இருக்கிறது, தூக்கினால் பாரமில்லை. உள்ளே ஒரு துளி சதை இல்லை! கொடுக்கை உடைக்காமல் நண்டை இப்படி உறிஞ்சத் தெரிந்தவன் இந்த ஒழுங்கையில் நான் ஒருவன்தான். நான் தின்னவில்லை. பிறகு யார்? உங்கள் மகனின் கையை மணந்து பார்த்தேன், சவர்க்காரம் மணத்தது. குற்றம் செய்யாதவன் விடிய வெள்ளென எதற்குச் சவர்க்காரம் போடுகிறான்?

கேட்டால் எனக்கே பாடம் எடுக்கிறான். "ஐயா, எங்களுக்கு எலும்பு உள்ளுக்கை, நாங்கள் வளர அதுவும் சேர்ந்து வளரும். நண்டுக்கு எலும்புக்கூடு வெளியிலை, அது வளராது. அதாலை பழசைக் கழட்டிப்போட்டுத்தான் நண்டு பெருக்கும். உது வெறும் ஓடு" என்கிறான். அப்படியானால் நண்டு எங்கே தம்பி, ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டு உடுப்பில்லாமல் பலாலி வீதியில் பஸ் ஏறிவிட்டதா என்று கேட்டேன். "பூச்சாடிக்குக் கீழை பாருங்கோவன்" என்றான். நான் ஏன் பார்க்க வேண்டும்? பல்லு முளைத்த நாளிலிருந்து நண்டு தின்கிறவனுக்கு இவன் நண்டு படிப்பிக்கிறான்!

வினிபிரட் வேறு, "பாவம் பெடியன், சோதினை நேரம், விடுங்கோப்பா" என்கிறாள். சோதினையோ எதுவோ, என் நண்டைத் தின்றவனுக்கு என் வீட்டில் இடமில்லை. பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டேன். நாளைக்கே வந்து கூட்டிக்கொண்டு போகவும்.

உங்கள் சிவபெருமானும் எங்கள் கர்த்தரும் சேர்ந்து உங்கள் குடும்பத்தைக் காப்பார்களாக. மகனுக்கு நல்ல புத்தியையும் கொடுப்பார்களாக.

இப்படிக்கு,
மனம் நொந்த
தேவராஜா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது, தொட்டியைக் கழுவவென்று பூச்சாடியைத் தூக்கிய வினிபிரட் குழறிக் கூப்பிட்டாள். அங்கே நண்டு இருக்கிறது. முந்தியதைவிடப் பெரிதாக, தொட்டால் அமிழும் உடம்போடு, என்னையே பார்த்துக்கொண்டு. ஜெயதீபன் பெட்டியோடு வாசல் படலை வரை போய்விட்டான். செருப்பும் போடாமல் ஓடிப்போய்ப் பெட்டியைப் பறித்துவந்து அறையில் வைத்துவிட்டேன். நீங்கள் வர வேண்டாம். புது ஓடு இறுகிச் சதை பிடிக்கும்வரை நண்டைச் சமைக்கவும் ஏலாதாம். அதுவரை சாப்பாடு போடுவது உங்கள் சைவப் பிள்ளைதான், நண்டு விஷயத்தில் அவன் என்னை நம்பவில்லை. இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். இதையும் அந்த ஓடு மாதிரியே எடுத்துக்கொள்ளுங்கள்: காலும் கொடுக்கும் இருக்கும், உள்ளே ஒன்றும் இல்லை.