டிக்பி துறையிலிருந்து பாய்ந்த ஒற்றை நட்சத்திரம்

சொல்லுக்கு அரசியே, விசைப்பலகை தேய்த்த விரல்களுக்குக் காவலாய் நின்று இந்தப் போர்க்கதையை நடத்திக் கொடு! ஹாலிஃபாக்ஸ் மாநகரின் துறைமுகப் பனிமூட்டம் வந்து முட்டும் மூன்றாம் மாடி அலுவலகத்தில் வீற்றிருந்தவனும், பிழைகளுக்குக் காலனும், ஆறிப்போன காப்பிக்கு அஞ்சாதவனுமாகிய லாக்லன் கில்லிஸ் வாழ்க!

எவரும் காசின்றி எடுத்துக்கொள்ளும் மென்பொருள்கள் ஆயிரமாயிரம் அடுக்கிய களஞ்சியம் ஒன்று அவ்வீரனின் காவலில் இருந்தது. வேண்டியதைத் தொட்டால் கணினியில் வந்து அமரும். ஆனால் நல்லது எது, நாசம் செய்வது எது என்று சொல்லத்தான் அங்கே நாதியில்லை. "பயன்படுத்துவோர் கருத்து எழுதுக! ஐந்துக்கு இத்தனை என நட்சத்திரம் இடுக! மக்கள் பேசட்டும்!" என்று முழங்கிய லாக்லன், வசை மழை பொழியுமே என்று நடுங்கிய தோழர்களை எட்டு மாத மின்னஞ்சல் போரில் ஒருவர்பின் ஒருவராக வீழ்த்தி, ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாயன்று காலை பத்து மணிக்கு அந்த வசதியைத் திறந்துவைத்தான்.

பத்தேகாலுக்கு முதல் கருத்து வந்தது. அந்தோ! அது லாக்லனே பெற்று வளர்த்த, கடலின் ஏற்றவற்றம் காட்டும் மென்பொருளின் மார்பில் வேலெனப் பாய்ந்தது. எறிந்தவர், டிக்பி துறையில் மீன்பிடிக்கும் அல்ஃபோன்ஸ் தெரியோ.

"ஒரு நட்சத்திரம். பூஜ்யம் போட வழியில்ல. நேத்து காலைல ஒம்பது மணிக்குத் தண்ணி ஏறிடும்னு இது சொல்லுச்சு. நம்பிப் போனேன், படகு சேத்துல உக்காந்துடுச்சு. சரியா ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் தண்ணி வந்துச்சு. அதுவரைக்கும் என் பொண்டாட்டி கரையில நின்னு கைதட்டுனா."

குகை வாயிலில் கல்லெறிபட்ட சிங்கமென, வால் மிதிபட்ட நாகமென, நாற்காலி பின்னே உருண்டோட எழுந்த லாக்லன், களஞ்சியக் காவலனுக்கு மட்டுமே வாய்த்த 'நீக்கு' என்னும் பிரம்மாஸ்திரத்தின்மேல் அம்புக்குறியை நிறுத்தினான். எட்டு மாதப் போரில் கடைசியாகத் தோற்ற ஓடெட் கோமோ பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன லாக்லன், மக்கள் பேசட்டும்னு தொண்டை கிழியக் கத்துன? பேசிட்டாங்கல்ல?"

"அந்த ஆளுக்குக் கடலப் பத்தி ஒண்ணும் தெரியல, ஓடெட்!"

"அவங்க எங்கம்மா ஊர்க்காரங்க. பரம்பரையா அந்தத் தண்ணியிலதான் கெடக்காங்க. நீ கடைசியா எப்பப் படகுல ஏறுன?"

"போன வாரம். அக்கரையில இருக்குற டார்ட்மத் போறதுக்கு."

"அது பயணிகள் ஃபெர்ரி!"

"அதுவும் மிதக்குதில்ல?"

அதன்பின் நிகழ்ந்ததே பெரும் போர். சுட்டுவிரல் ஒரு சேனை, மனசாட்சி எதிர்ச்சேனை. விரல் தாழ்ந்தது, மனசாட்சி தடுத்தது, விரல் மீண்டும் தாழ்ந்தது. அழித்தால் தன் மென்பொருளின் மானம் பிழைக்கும். ஆனால் எட்டு மாதம் தான் முழங்கியதெல்லாம் பொய்யாகும். வியர்வை வழிய, பகைவனின் வாக்கியங்களில் பழுது தேடி மீண்டும் வாசித்தவனின் நெஞ்சில் 'சரியா ஒரு மணி நேரம்' என்ற சொற்கள் இடியென இறங்கின. கோடைக்கால வெளிச்சத்துக்காக ஆண்டுதோறும் செய்வதுபோல், மார்ச் மாதத்தில் ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்தது. அவனுடைய மென்பொருள் மட்டும் தள்ளவில்லை!

"ஐயோ, அந்த மனுஷன் சொன்னது சரி" என்றான் லாக்லன், மெல்லிய குரலில்.

ஓடெட் சிரிக்கவில்லை; தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் அமர்ந்தாள். இருவரும் நான்கே வரிகளில் அப்பிழையின் தலையைக் கொய்தனர். கருத்தின் கீழே லாக்லன், "தப்பு என்னோடதுங்க. கடிகாரம் மாறுனத மறந்துட்டேன். திருத்தியாச்சு, ஒருதடவை பாருங்க. வீட்லயும் என் மன்னிப்பைச் சொல்லிடுங்க" என்று தன் பெயரிட்டு எழுதினான்.

மறுநாள் நண்பகல், முரசுகள் அதிரவும் சங்குகள் முழங்கவும் எண்திசையும் செவிசாய்த்துக் காத்திருக்கவும், ஓடெட் தோளுக்குப் பின்னால் மூச்சடக்கி நிற்கவும், தெரியோவின் திருத்திய தீர்ப்பைத் திறந்தான் மாவீரன் லாக்லன்.

இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தார்.