போன மெயிலைப் பிடிக்கும் வேலை

அன்பும் மரியாதையும் மிகுந்த சக்திவேல் மாமாவுக்கு,

கொட்டச்சேட்டிலிருந்து உங்கள் அக்கா மகள் சசிரேகா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, ஆடுகள் எல்லோரும் சுகம். அங்கே அத்தையும் பிள்ளைகளும் சுகமாக இருக்கச் சேர்வராயன் துணை நிற்கட்டும். எனக்குத்தான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைக்குத்தான். போனில் சொல்லலாம் என்றால் நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அம்மா காதில் விழும். மெயிலில் எழுதலாம் என்றால், அந்த மெயில்தான் இப்போது என் வேலைக்கே உலை வைத்திருக்கிறது. அதனால்தான் தபால்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் திருப்பூர் பனியன் கம்பெனியில் பில்லிங் போட ஆள் தேடுவதாகப் பொங்கலுக்கு வந்தபோது சொன்னீர்களே, அந்த இடத்தை எனக்குக் கேட்டுச் சொல்லுங்கள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் என் வேலை போயிருக்கும்.

வீட்டிலிருந்தபடி அப்படி என்ன வேலைதான் செய்கிறாய் என்று நீங்கள் கேட்டபோது “கம்ப்யூட்டர்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். இப்போது சொல்கிறேன். எங்கள் கோயம்புத்தூர் கம்பெனி ஒரு மெயில் புரோகிராம் செய்கிறது. அதில் ‘அனுப்பு’ என்று அழுத்தியதும் மெயில் உடனே போகாது, கொஞ்ச நேரம் காத்து நிற்கும். கோபத்தில் எழுதியதையோ ஆள் மாற்றி அனுப்பியதையோ அதற்குள் ‘நிறுத்து’ என்று அழுத்திப் பிடித்துவிடலாம். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று வடிவமைப்பது என் பொறுப்பு. இதை அம்மாவிடம் விளக்கினேன். “மெயிலு போகாம நிக்கறதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க? நம்ம ஊட்டு நெட்டு அதைச் சும்மாவே செய்யுதே சாமி” என்றார். அன்றைக்காவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

என் மேலாளர் மெல்வின் சார். “உங்க ஊர் ஆளுங்ககிட்டயே குடுத்துப் பயன்படுத்தச் சொல்லுங்க. பின்னால உக்காந்து பாருங்க. அவங்க என்ன செஞ்சாலும் குறுக்க மட்டும் பேசிடாதீங்க. அப்பத்தான் உண்மையான ஃபீட்பேக் கிடைக்கும்” என்றார். குறுக்கே பேசாமல் இருப்பது ஒன்றுதான் உலகத்தில் எனக்கு நன்றாக வரும். கல்லூரியில் பெயர் கூப்பிடும்போது குரல் எழும்பாமல் பாதி நாள் ஆப்சென்ட் ஆனவள் நான். சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

முதலில் அப்பா வேலை செய்யும் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் தேவசிகாமணி ஐயாவிடம் போனேன். காட்டெருமைகளை விரட்டப் பட்டாசு ஒரு பெட்டி வேண்டும் என்று சென்னை ஆபீசுக்கு மெயில் எழுதி ‘அனுப்பு’ அழுத்தினார். மெயில் நான் வடிவமைத்தபடி அழகாக நின்றது. “போகலையே கண்ணு” என்றார். நம் மலையில் மெயில் போகவில்லை என்றால் யாராவது காத்திருப்பார்களா மாமா? மறுபடி அழுத்தினார். லேப்டாப்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டி அழுத்தினார். வாசலில் சில்வர் ஓக் மரத்தடியில் கொஞ்சம் சிக்னல் வரும் என்று அங்கே தூக்கிப்போய் அழுத்தினார், நின்று அழுத்தினார், குந்தி அழுத்தினார், நான் பின்னாலேயே போய்க் குறுக்கே பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனையும் தனித்தனி மெயிலாக வரிசையில் நின்று மொத்தமாகப் போய்ச் சேர்ந்தன. சென்னையில் ஒவ்வொன்றையும் ஒவ்வோர் ஆர்டராக எடுத்துக்கொண்டார்கள். லாரி வந்தது. அடிவாரத்தில் போலீஸ்காரர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, நீங்க எருமைய வெரட்டறீங்களா, மலையவே வெரட்டறீங்களா?” என்று கேட்டாராம். எஸ்டேட் ஆபீசில் இப்போது உட்கார இடமில்லை, பீடி பற்றவைக்கவும் வழியில்லை. ஃபீட்பேக் கேட்டேன். “நொம்ப நல்லாருக்குது கண்ணு. இனிமே இந்தப் பக்கம் மட்டும் வந்துராத” என்றார்.

அடுத்தது ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்தும் ஆன்மேரி அக்கா. வெந்நீர் வரவில்லை, அட்டை கடித்தது என்று விருந்தாளிகள் எழுதினால் அக்காவுக்கு அப்படிக் கோபம் வரும், பதில் எழுதியபின் அதைவிட அதிகமாக வருத்தம் வரும். இவருக்காகவே செய்த வசதி இது என்று நினைத்தேன். “எத்தனை நேரம் நிக்கணுங்க்கா?” என்று கேட்டதற்கு, “ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கற நேரம் வையி. அதுக்குள்ள மனசு எறங்கிரும்” என்றார். கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது! அப்படியே வைத்துக் கொடுத்தேன். ஆனால் ஜெபமாலை சொல்லச் சொல்ல அக்காவுக்கு மனசு இறங்கவில்லை, ஞாபகம்தான் வந்தது. பாதியில் எழுந்து ஓடிவந்து ‘நிறுத்து’ அழுத்தி, “துண்டையும் எடுத்துட்டுப் போனானுங்க, அதை உட்டுட்டனே!” என்று சேர்ப்பார். மறுபடி அனுப்புவார், மறுபடி முழங்காலில் நிற்பார், மறுபடி ஓடிவருவார். ஒரு வாரம் அந்த ஒரே மெயில் வளர்ந்தது. கோடை விழாவுக்கு எல்லா அறையும் கேட்டு எழுதிய பெரிய குடும்பத்தை அதற்குள் அக்கா மறந்தே போனார், அவர்கள் வேறு விடுதிக்குப் போய்விட்டார்கள். இப்போது அக்கா சந்தையில் என்னைப் பார்த்தால் கத்தரிக்காயைப் பார்க்கிறார்.

இதையெல்லாம் ஒளிக்காமல் அறிக்கையாக எழுதினேன். எழுதி முடித்தபோது மனசு விட்டுப்போயிற்று. தைரியமாகப் பேசுகிறவர்கள் வாயால் பேசிவிடுகிறார்கள், என்னைப் போன்றவர்களுக்கு எல்லாம் விரலில் வந்து நிற்கிறது. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: “சார், நெட்டே நிற்காத ஊரில் மெயிலை நிறுத்திப் பார்க்கச் சொன்ன உங்களுக்குத்தான் முதலில் ஒரு ‘நிறுத்து’ பொத்தான் வைக்க வேண்டும்.” அனுப்பும் எண்ணம் சத்தியமாக இல்லை. ‘அனுப்பு’ அழுத்தி, அந்த வரி நிற்கும் அழகைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, நிறுத்தி அழித்துவிட்டு, ஒழுங்கான வரி ஒன்று போடலாம் என்றுதான் அழுத்தினேன். அழுத்தினேன், மாமா, மூடுபனி இறங்கியது, கரண்ட் போனது, டவரும் போனது. மெயில் அதற்குள் கம்பெனியின் கோயம்புத்தூர் சர்வரில் போய், ஆன்மேரி அக்காவுக்கு வைத்த அதே ஜெபமாலை நேரத்துக்கு நிற்கிறது, அதை நிறுத்தச் சிக்னல் வேண்டும், சிக்னல் இல்லாமல் நிறுத்த முடியாதபடி அந்தப் பொத்தானை வடிவமைத்தவள் நான்.

பக்கத்து வீட்டுச் சத்யராஜ் அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார். சேர்வராயன் கோயில் மேட்டில் எப்போதும் சிக்னல் இருக்கும். “அண்ணா, கோயிலுக்கு அவசரமாப் போகணுங்க” என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ பெரிய வேண்டுதல் என்று நினைத்திருக்கிறார். மேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பூஜைக் கடையில் வண்டியை நிறுத்தினார். “வெறுங்கையோடயா சாமியப் பாக்கறது? தேங்கா பழம் வாங்கிக்க கண்ணு.” வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் ஒவ்வொரு தேங்காயாக எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். “இதுல தண்ணி பத்தாது.” இன்னொன்றை எடுத்தார். கையில் போனோடு நின்றேன். மேட்டுக்கு வந்ததும் சிக்னல் வந்தது, கூடவே ‘அனுப்பப்பட்டது’ என்ற எழுத்தும் வந்தது. கோயில் படியிலேயே உட்கார்ந்து, நிறுத்த நினைத்தேன், சிக்னல் இல்லாததால் முடியவில்லை, மன்னிக்கவும் என்று இன்னொரு மெயில் அனுப்பினேன். அண்ணன் தேங்காயை உடைத்துவிட்டு, “நல்லா ஒடஞ்சிருக்குது. நெனச்சது நடக்கும்” என்றார்.

திங்கட்கிழமை பேசலாம் என்று சார் பதில் போட்டிருக்கிறார், வேறு ஒரு சொல்லும் இல்லை. நம் குடும்பத்தில் காப்பி பறிக்காத முதல் ஆள் என்று அப்பா எஸ்டேட் ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். அவரிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? திருப்பூரில் வேலை கிடைத்தது, அதனால் இதை விட்டேன் என்று சொல்ல ஒரு வழி செய்யுங்கள். பில்லிங்கில் தப்பு வந்தால் அடித்துத் திருத்தலாம் அல்லவா, அது போதும் எனக்கு.

அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் கம்பெனி தையல் மெஷின்கள் ஓய்வில்லாமல் ஓடட்டும்.

உங்கள் பதிலுக்கு ஏங்கும்,
சசிரேகா

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போனேன், மெல்வின் சார் கூப்பிட்டார். திங்கட்கிழமையே ஆகிவிட்டது. அந்த வரியைப் படித்து ஆபீசே சிரித்ததாம். “வாயே தெறக்காத பொண்ணுன்னு நெனச்சோம்” என்றார். சிக்னல் போனால் பொத்தான் செத்துவிடும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லையாம். அதைக் கண்டுபிடித்ததற்காக என் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்களாம். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். அதற்குள் இன்னொன்றும் சொன்னார். அடுத்த மாதம் கோயம்புத்தூரில் எல்லோர் முன்னாலும் மேடை ஏறி, மைக் பிடித்து, இத்தனையையும் நான் வாயால் சொல்ல வேண்டுமாம். பயன்படுத்திப் பார்த்தவர்களையும் அழைத்துவர வேண்டுமாம். ரைட்டர் ஐயாவும் ஆன்மேரி அக்காவும் என்மேல் இருந்த கோபத்தையெல்லாம் மறந்துவிட்டார்கள், காரில் முன் சீட் யாருக்கு என்று இப்போதே சண்டை. மாமா, பில்லிங் வேலையில் மைக் இருக்காதே? இன்றைக்கே கேளுங்கள்.