டெஸ்டர் வைத்த நீல லைட்டு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மிஷினோடு சண்டை போடாத ஆள் கிடையாது. சண்டை முடிந்ததும் அந்த மிஷினிடமே மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் எங்கள் டெஸ்டர்தான்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருந்திருக்கும். அது யாருக்கும் தெரியாது. கரண்டு வருகிறதா என்று குத்திப் பார்க்கும் டெஸ்டரைக் காதில் சொருகியிருப்பான். அதாலேயே பிளக்கைக் குத்துவான், அதாலேயே டீக்கடை வடையையும் குத்துவான். "உள்ள வேவல, எடுத்துக்கினு போ" என்று திருப்பிக் கொடுப்பான். எங்கள் கம்பெனி எலக்ட்ரீசியன், ஐம்பது வயதுக்காரன். சாப்பிடும்போதுகூட ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டான். கேட்டால், "மேலேருந்து எப்போ இன்னா விழும்னு யாருக்கு யக்கா தெரியும்?" என்பான்.

நான் அங்கே பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறவள். காலையில் திறப்பதும் சாயங்காலம் பூட்டுவதும் நான்தான். மேனேஜர்கள் நாலு பேர் மாறிவிட்டார்கள். சாவி மட்டும் என் இடுப்பை விட்டு மாறவில்லை.

அந்தச் சாவிக்கே ஒரு முறை ஆபத்து வந்தது.

எத்தனை மூடி ஆயிற்று என்று சுவரில் காட்ட டெஸ்டர் ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தான். சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சை அட்டை.

"இதுவா கம்ப்யூட்டரு? மீதி எங்க நைனா?"

"அவ்ளோதான் யக்கா. மூளை மட்டும்தான், ஒடம்பு கெடையாது."

எரிகிற எதையும் அணைத்துவிட்டுப் போகிற கை என் கை. வேலை முடிந்ததும் அதன் பிளக்கையும் பிடுங்கினேன். காலையில் அது எழுந்திருக்கவில்லை. எழுதுகிற பிள்ளையிடமிருந்து சிலேட்டைப் பிடுங்குகிற மாதிரியாம் அது. உள்ளே இருக்கும் மெமரி கார்டு கெட்டுப்போகுமாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. டெஸ்டர் வேறு கார்டு போட்டான். மேனேஜர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் பிளக்கின் மேல் மஞ்சளாக ஒரு இங்கிலீஷ் ஸ்டிக்கரை ஒட்டினார். நான் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கம்பெனிப் பெயராக்கும் என்று ஸ்டிக்கரின் மேலேயே விரலை வைத்து இரண்டாம் தடவையும் பிடுங்கினேன்.

மறுநாள் மேனேஜர் குதித்தார். "ஆஃப் பண்ணாதீங்கன்னு இவ்ளோ பெருசா ஒட்டியிருந்தேனே, பார்க்கலையாம்மா?"

நான் பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினேன். எனக்கு அது பழக்கமில்லாத காரியம்.

"எந்த ஸ்டிக்கரு சார்? இதுவா?" என்று டெஸ்டர் தலையைக் குனிந்தான். ஹெல்மெட்டின் நெற்றியில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. "நேத்து மத்தியானமே உரிச்சு ஒட்டிக்கினேன். ஸ்டைலா இருந்துச்சு."

"உனக்கு என்ன பைத்தியமா?"

"அது தனி கேஸு சார். யக்கா மேல தப்பில்ல. கரண்டு மிச்சம் பண்ற கையால செத்துப்போனா அது மிஷினே இல்ல. ஒரு வாரம் குடுங்க. ஸ்டிக்கரே வேணாத மாதிரி ஸ்விட்சு வைக்கிறேன்."

"ஒரு வாரம்தான். அதுக்கப்புறமும் செத்துதுன்னா சாவியை செக்யூரிட்டிகிட்ட குடுத்துடுங்கம்மா."

டெஸ்டர் மதராசுக்குப் போய், சுற்றி வளையமாக லைட்டு எரிகிற ஸ்விட்சு ஒன்று வாங்கிவந்தான். மாட்டிவிட்டு, எரிகிறது என்று சத்தியம் செய்தான். யார் கண்ணுக்கும் தெரியவில்லை. மேனேஜர் இரண்டு கையையும் குவித்து, அதற்குள் ஒற்றைக் கண்ணை வைத்து, மின்மினி பிடித்தவர் மாதிரி பார்த்தார்.

"காருக்குப் போடற ஸ்விட்சு சார். பன்னெண்டு வோல்ட்டு கேக்குது. நம்ம அட்டையால அவ்ளோ குடுக்க முடியாது."

"அப்போ கார் வாங்கித் தரட்டுமா?"

டெஸ்டர் கோபித்துக்கொண்டு ஸ்விட்சைப் பிளந்து, உள்ளே கரண்டை மடக்கிக்கொண்டிருந்த ரெசிஸ்டரைப் பிடுங்கிவிட்டு, கரண்டைத் தாராளமாக விடுகிற வேறு ஒன்றை வைத்துப் பற்றவைத்தான். நீலமாக எரிந்தது பாருங்கள், கோயில் சீரியல் செட்டு தோற்றுவிடும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. நான் நடுவில் குங்குமம் வைத்தேன். பட்டன் சிக்கிக்கொண்டது. பல் விளக்கும் பிரஷ்ஷால் அவனே துடைத்தான். "பொட்டு பக்கத்துல வை யக்கா. கண்ணுல வெக்காத."

பிறகு பாடம் சொன்னான். "அமுக்கினா முழிச்சிக்கும். இன்னொரு வாட்டி அமுக்கினா, எல்லாத்தையும் எடுத்து வெச்சிட்டுத் தூங்கும். தூங்கினாதான் லைட்டு போவும். லைட்டு போனாதான் நீ பிளக்கைத் தொடணும்."

சனிக்கிழமைதான் கெடு. ஆறு மணிக்கு அமுக்கினேன். சுவரில் இருந்த எண் மறைந்தது. லைட்டு போகவில்லை. பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆரணிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. "லைட்டு போவல, நீ போ" என்று டிரைவரை அனுப்பிவிட்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அது பார்த்தது, நானும் பார்த்தேன். சாவி இடுப்பில் கனத்தது.

அரை மணி கழித்து டெஸ்டர் வந்தான். காதில் இருந்த டெஸ்டரை எங்கேயோ வைத்துவிட்டேன் என்று தேடிக்கொண்டு வந்தான்.

"யக்கா! இன்னும் ஊட்டுக்குப் போவல?"

"லைட்டு போவலியே நைனா."

அட்டையை வைத்திருந்த பெட்டியைத் திறந்தான். முகம் சுண்டிப்போயிற்று. அட்டையின் ஓரத்தில் இருக்கும் ஊசிக் கால்களில், அட்டை தூங்கினாலும் கரண்டு ஓடுகிற காலில் லைட்டின் ஒயரைச் சொருகியிருக்கிறான். பிளக்கு இருக்கிற வரைக்கும் அது அணையவே அணையாது. ஸ்விட்சைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "மன்னிச்சுக்க. தப்பு என்னுது."

"அதுங்கிட்ட கேக்கறே. எங்கிட்ட கேக்கலியா?"

"நீ இன்னா கெட்டா போயிட்ட? நீ ஒருத்திதான் யக்கா இங்க கரெக்ட்டா வேலை செஞ்ச."

அட்டை முழித்திருக்கும்போது மட்டும் உயிர் இருக்கிற வேறொரு காலுக்கு அந்த ஒயரை மாற்றினான். அமுக்கினேன், எரிந்தது. மறுபடி அமுக்கினேன். மனசுக்குள் பதினொன்று எண்ணுவதற்குள் லைட்டு போயிற்று. பிளக்கைப் பிடுங்கினேன். திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் அமுக்கியபோது, சனிக்கிழமை விட்ட எண்ணிலிருந்து அது சமர்த்தாகத் தொடங்கியது. "எதுக்கும் மேல ஒரு ஸ்டிக்கர்..." என்று மேனேஜர் ஆரம்பித்தார். டெஸ்டர் ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டினான். அவர் போய்விட்டார். சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

போன வருஷம் டெஸ்டர் திருவள்ளூர்ப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். சொல்லிக்கொள்ள வந்தபோதும் தலையில் ஹெல்மெட், அதில் வெளுத்துப்போன அந்த ஸ்டிக்கர். அதைப் பற்றி நாங்கள் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அதுல இன்னாதான் நைனா எழுதிக்குது?" என்றேன், தெரியாத மாதிரி.

"இதுவா? டெஸ்டர் ரொம்ப நல்லவன்னு எழுதிக்குது யக்கா."

எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனாலும் அவன் சரியாகத்தான் படித்தான்.