சட்டி சுமந்த சம்பந்தி

மார்த்தாண்டத்திலிருந்து திருவட்டாறு வரை எந்த வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்றாலும், நீங்கள் நிற்பது வார்ப்பக்காவின் தலைமேல்தான். கூட்டிச் சொல்கிறேன் என்று தோன்றினால் பாதி வீடுகளைக் கழித்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதிக்கு நானே சாட்சி. ஏனென்றால் அவற்றைக் கட்டியவன் நான்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்றைக்கு எனக்குக் கீழே மூன்று இன்ஜினியர்கள் வேலை செய்கிறார்கள். தூக்குக்குண்டு இல்லாமல், ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தே சுவர் சாய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். இத்தனை பெரிய ஆளான என்னை ஒருத்தி இருபது வருடம் சிரித்துக்கொண்டே மேய்த்தாள் என்றால் அவள் லேசுப்பட்ட பிறவியா?

கூரைக்குக் காங்கிரீட் போடுவதை எங்கள் பக்கத்தில் வார்ப்பு என்போம். காலையில் தொடங்கினால் முடிகிறவரை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் போட்டது காய்ந்து, அடுத்துப் போடுவதோடு ஒட்டாது. கீழே கலக்குகிற மெஷினிலிருந்து மேலே தளம் வரைக்கும் கையாட்கள் வரிசையாகச் சட்டி சுமந்து ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வரிசையில் முதல் ஆள் எப்போதும் அவள்தான்; வார்ப்பக்கா என்ற பேரே அப்படி வந்ததுதான். சேலைக்கு மேலே ஆண்பிள்ளைகளின் முழுக்கைச் சட்டை, தலையில் துவர்த்துத் துண்டைச் சுருட்டி வைத்த சும்மாடு, அதன்மேல் சட்டி, எல்லாவற்றுக்கும் கீழே ஒரு சிரிப்பு. அவள் மூன்றாம் மாடியில் சிரித்தால் கீழே மெஷின்காரனும் சிரிப்பான், என்ன விஷயம் என்று தெரியாமலே.

ஒரு சமயம் புதிதாக வந்த இன்ஜினியர் ஒருவர் வரைபடத்தை விரித்து வைத்து அரைமணி நேரம் விளக்கினார். சட்டியோடு நின்று எட்டிப்பார்த்தவள், "சாரே, படம் கொள்ளாம். ஆனா இதுல படிக்கெட்டு இல்லியே. மேல தூங்கப்போறவிய பறந்தா போவாவ?" என்றாள். இன்ஜினியர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனவர், படிக்கட்டோடுதான் திரும்பி வந்தார்.

கணவர் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளைக் கட்டிக்கொடுத்தாள். இளையவளை நர்ஸ் படிக்க வைத்தாள். இதையெல்லாம் அவள் ஒருநாளும் கஷ்டக் கதையாகச் சொன்னதில்லை. கேட்டால், "தலைல சட்டி இருந்தா வேற கவல ஏற இடமில்லல்லா மேஸ்திரி" என்பாள்.

வினை அந்த இளையவளால் வந்தது. வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்த என் மகன், கட்டினால் அந்த நர்ஸைத்தான் கட்டுவேன் என்று நின்றான். எனக்கு முதலில் ஆத்திரம். பிறகு, பெரிய மனது செய்வோம் என்று முடிவெடுத்தேன். கேட்ட உடனே அவள் சந்தோஷத்தில் மயங்கி விழுவாள் என்று நினைத்து, விழுந்தால் தெளிக்க ஒரு செம்பு வெள்ளம்கூடப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"ஏட்டி, ஒனக்க மோள எனக்க மவனுக்குத் தருவியா?"

"சட்டி எறங்கட்டு மேஸ்திரி." சட்டியை இறக்கிவிட்டு வந்தாள். "ரெண்டு வாரம் கழிச்சுச் சொல்லுதேன். எனக்கு வீட்டப் பாக்கணும்."

"எனக்க வீட்ட நீதானே ஏட்டி சட்டி சொமந்து கெட்டினே?"

"அன்னைக்குச் செவரத்தான பாத்தேன். உள்ள இருக்க ஆளுவளப் பாக்கல்லியே."

தெளிக்க வைத்த வெள்ளத்தை நானே குடித்தேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அடுக்களையில் என் வீட்டுக்காரியோடு உட்கார்ந்து, யார் துணி துவைப்பது, யார் மீன் நறுக்குவது, எனக்குக் கோபம் வந்தால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று எல்லாவற்றையும் விசாரித்தாள். கடைசியில் என்னிடம் வந்தாள்.

"மோளத் தாறேன். ஆனா நான் வேலைய விடமாட்டேன், பாத்துக்கிடுங்க."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். நான் நினைத்தது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

இதுவரை ‘அவள்’ என்று எழுதிவிட்டேன். இனி ‘அவர்’. சம்பந்தி ஆயிற்றே.

கல்யாணம் வியாழக்கிழமை. அது முடிந்து அடுத்த திங்கட்கிழமை காலை வார்ப்புக்குப் போனால், வரிசையில் முதல் ஆளாக முழுக்கைச் சட்டையில் என் சம்பந்தி.

"சம்மந்தி, என்ன இது?"

"இன்னைக்கு வார்ப்பு இல்லியா?"

"வார்ப்புதான். ஆனா நீங்க..."

"அப்பம் வழிய விடுங்க சம்மந்தி. காங்கிரீட் காஞ்சிரும்."

எங்கள் ஊரில் சம்பந்தியைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும். உட்கார்ந்தபடி பேசினால் ஏழு தலைமுறைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். நானோ நாற்காலி போட்டு, குடை பிடித்து, உட்கார்ந்து வேலை வாங்குகிறவன். அவர் சட்டியோடு என்னைத் தாண்டும்போதெல்லாம் எழுந்தேன், போனதும் உட்கார்ந்தேன், திரும்பி வந்தார், எழுந்தேன். ஐம்பதாவது சட்டிக்கு என் முட்டி கதவுக் கீல் மாதிரி சத்தம் போட்டது. மத்தியானத்துக்குப் பிறகு நாற்காலியை எடுத்துவிடச் சொல்லி நின்றேவிட்டேன். முதலாளிக்கு இன்றைக்குத்தான் வேலையில் அக்கறை வந்திருக்கிறது என்று கொத்தனார்கள் பேசிக்கொண்டார்கள்.

அதட்டவும் வழியில்லை. முன்பெல்லாம், "ஏட்டி, பெருநாளுக்கா வாற? வேகம் நடட்டி" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவேன். இப்போது, "சம்மந்தி, ஒங்களுக்குச் செரமம் இல்லேன்னா, கொஞ்சம் வேகம் வந்தா நல்லாருக்கும்" என்று சொல்லி முடிக்கிறதற்குள் ஒரு மூலை காய்ந்துவிடும். மற்றக் கையாட்களுக்குக் கொண்டாட்டம். டீ வேண்டுமானால், "சம்மந்தியம்மைக்கு டீ வேணுமாம்" என்பார்கள். அந்த வருடத்தில் என் சைட்டில் ஓடிய டீயில் ஒரு குளத்தையே நிரப்பியிருக்கலாம்.

எனக்கு இது மானப் பிரச்சினை. போகிற இடமெல்லாம் பெரிய ஆட்கள் என்னைக் ‘காண்ட்ராக்டர் சார்’ என்கிறார்கள். பின்னாலேயே என் சம்பந்தி சட்டியோடு வருகிறார். எப்படியாவது அந்தச் சட்டியை அவர் தலையிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்று இருந்தேன். என் வீட்டுக்காரியைத் தூது அனுப்பினேன். போனவள் மீன்கறியும் மரச்சீனிக் கிழங்கும் தின்றுவிட்டு வந்து, "அவிய சொல்லுதது நியாயந்தானே" என்றாள்.

பேத்தி பிறந்தாள். இனி வழிக்கு வருவார் என்று நினைத்தேன். விடியக்காலம் வந்து பேத்திக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டிவிட்டு நேராக வேலைக்குப் போனார். பிள்ளை அழுதால் காங்கிரீட் மெஷின் மாதிரி ‘கடகட கடகட’ என்று தொண்டையில் சத்தம் எழுப்புவார். அது உடனே தூங்கிவிடும். தாலாட்டுப் பாடி என் வீட்டுக்காரி தோற்றாள். பேத்தி முதலில் பேசிய வார்த்தை அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. வார்ப்பில் சட்டிக்குக் கூவுகிற ‘ஏத்து.’

பிறகுதான் நான் அந்தக் கேவலத்தைச் செய்தேன். திருவட்டாறு பக்கம் ஒரு டாக்டருக்கு வீடு. வார்ப்பு அன்று அவர் என் பக்கத்தில் நின்று வரிசையைப் பார்த்தார்.

"யாரு அது, முதல்ல போற அம்மா? இந்த வயசில இப்படிச் சிரிச்சிட்டே சுமக்கிறாங்களே?"

‘என் சம்பந்தி’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். டாக்டரின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன். வேறு வார்த்தை வந்தது.

"பழைய கையாளு சார். பாவப்பட்டது. போக வேற இடமில்ல."

திரும்பினால் இரண்டடி பின்னால் சம்பந்தி, சட்டியோடு. மேலே ஏறிப்போனார். சாயங்காலம் வரை தளம் முழுக்கச் சட்டிச் சத்தம்தான் கேட்டது. சிரிப்பு கேட்கவில்லை.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் காலை எட்டு மணிக்கு என் வீட்டு வாசலில் நின்றார். பட்டுச்சேலை, கழுத்தில் சங்கிலி, கையில் பை, குடை.

"சம்மந்தி வந்திருக்கேன்" என்று சொல்லிக் கூடத்தில் நடுநாயகமாக உட்கார்ந்தார்.

சம்பந்தி வீட்டில் இருக்கும்போது ஆண்பிள்ளை வெளியே இறங்கிப் போகக் கூடாது, அது மரியாதையில்லை. டீ கொடுத்தோம். நேந்திரங்காய் உப்பேரி கொடுத்தோம். மீன் பொரித்தோம். மூன்று மணிக்கு மறுபடி டீ. அவர் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, "மழை வருமா சம்மந்தி?" என்று மட்டும் கேட்டார். சைட்டிலிருந்து எனக்கு போன் மேல் போன். இரண்டாம் நாளும் எட்டு மணிக்கு வந்தார். மூன்றாம் நாள் நான் கையைக் கூப்பிவிட்டேன்.

"சம்மந்தி, ஒங்களுக்கு என்னதான் வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். போக வேற இடமில்லாத்தவ. இஞ்ச வந்து இருக்கேன்."

நானும் வாய்ச்சாலகம் உள்ளவன்தான். அன்றைக்கு வந்தது ஒரே சொல். "தப்புதான்" என்றேன்.

"எங்கிட்டச் சொல்லாண்டாம். அந்த டாக்டருகிட்டச் சொல்லணும்."

காரில் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் புதுச்சுவரை வெள்ளம் ஊற்றி நனைக்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே நின்ற கொத்தனார்கள், கையாட்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சார், அன்னைக்கு நான் சொன்னது பொய். இவிய எனக்க சம்மந்தி. எனக்க பேத்திக்கு இவியதான் அம்மைக்க அம்மை" என்றேன். டாக்டர் பதறிப்போய், அம்மாவுக்கு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

"கசேரியெல்லாம் எதுக்கு? சட்டி எங்க இருக்கு?" என்றார் சம்பந்தி. பையைத் திறந்தார். உள்ளே முழுக்கைச் சட்டையும் துவர்த்தும் மடிப்புக் கலையாமல் இருந்தன. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகி, மேலே சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். படியேறும்போது ஒரு சிரிப்பு கேட்டது. எனக்கு மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு அவர் தலையிலிருந்து சட்டியை இறக்க நான் முயற்சி செய்யவில்லை. போன மழைக்காலத்தில் வேலை இல்லாத ஒரு நாள், மத்தியானச் சோறு உண்டுவிட்டுச் சாய்ந்து படுத்தவர் எழவில்லை. அவ்வளவுதான்.

பிள்ளைகள் ஊர்ச் சந்திப்பில் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைத்தார்கள். கல்யாணத்தில் எடுத்த படம், பட்டுச்சேலையும் நகையுமாக. எங்கள் கையாட்களே அதற்குக் கீழே நின்று என்னிடம் கேட்டார்கள், "ஒங்க வீட்டுல ஆரோ மரிச்சிட்டாவளாமே மேஸ்திரி, இது ஆரு?"

நேராக ஃபிளெக்ஸ் அடிக்கிற கடைக்குப் போனேன். கொத்தனார் ஒருவரின் போனில் ஒரு படம் இருந்தது. முழுக்கைச் சட்டை, துவர்த்து, சட்டி, பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பு. அதைப் பெரிதாக அடிக்கச் சொன்னேன். சாவுக்கு ஊர் வந்து, கூட நின்ற மகன் தயங்கினான்.

"அப்பா, இந்தப் படத்தயா ஊரு முழுக்க வைக்கணும்?"

"இவியதான் மக்கா ஆளு. மத்தது நகைக்கடை விளம்பரம்."

கடைக்காரர் கீழே என் பெயரை அடித்துவிட்டு, பக்கத்தில் காண்ட்ராக்டர் என்று போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், ‘சம்பந்தி’ என்று மட்டும் போட்டால் போதும் என்றேன். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்றேன்.