கடையைத் திறந்துவிடுங்கள், அத்தான்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, உங்கள் மச்சினன் வணங்கி எழுதுவது.

இங்கே அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் நீங்கள் மளிகைக் கடையை இழுத்து மூடிவிட்டு, அக்காவையும் அழைத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனதிலிருந்து என் மனைவி என்னோடு பேசுவதில்லை. ஏன் என்பது உங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் நீங்களும் பேசமாட்டீர்கள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு எண்ணெய் வாங்க வந்தபோது, போன வாரம் இந்த விலை இல்லையே என்றேன். "கொள்முதல் ஏறிடுச்சு மாப்ளே, நான் என்ன பண்ணட்டும்?" என்றீர்கள். ஆயுசு முழுக்க லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். மேலே போனது எதுவானாலும் கீழே வந்தே தீரும் என்று நம்பிப் பழகியவன். அந்தக் கடுப்போடு வீட்டுக்கு வந்தால் டி.வி.யில் மந்திரி பேசிக்கொண்டிருக்கிறார். விலைவாசி ஏறுவதற்குச் சில்லறைக் கடைக்காரர்களின் பேராசைதான் காரணமாம், அதனால் அரசாங்கமே எல்லாவற்றுக்கும் விலை வைத்துவிட்டதாம், மீறுகிறவர்களைப் பற்றிச் சொல்ல ஒரு இலவச நம்பராம். நாட்டில் இலவசமாகக் கிடைக்கிற ஒரே சாமான் அதுதானே என்று கை தானாகப் போனுக்குப் போய்விட்டது. உங்கள் கடையைச் சொல்லிவிட்டேன், அத்தான்.

மறுநாளே இரண்டு அதிகாரிகள் வந்து உங்கள் கடைக் கதவில் விலைப் பலகையை மாட்டினார்கள். நான் எதிரே இருக்கிற தையல் கடையில் பித்தான் தைக்கக் கொடுக்கிற சாக்கில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "ஐயா, இந்த விலைக்கு எனக்கே சரக்குக் கிடைக்காதுங்களே, எப்படி விக்கிறது?" என்று கேட்டீர்கள். "நீங்க வாங்குற விலை வேற டிபார்ட்மென்ட். நாங்க விக்கிற விலை மட்டுந்தான் பாப்போம்" என்றார் இருவரில் மூத்த அதிகாரி. தெருவே திரண்டு வந்து மத்தியானத்துக்குள் அலமாரியைத் துடைத்து எடுத்துவிட்டது. நானும் இரண்டு கேனோடு வரிசையில் நின்றேன். அந்த நெரிசலிலும் என்னைப் பார்த்துச் சிரித்து, "நம்ம வீட்டு ஆளு" என்று சொல்லி, கழுத்து வரை ஊற்றிக் கொடுத்தீர்களே, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

இப்போது எல்லோரும் மெயின் ரோட்டுப் பெரிய கடைக்குத்தான் போகிறோம். அங்கேயும் பலகை இருக்கிறது. பலகையில் உள்ள சாமான்தான் இல்லை. சோப்பு பழைய விலைதான், ஆனால் கவரைப் பிரித்தால் யாரோ நாலு நாள் குளித்துவிட்டு வைத்தது மாதிரி இருக்கிறது. அரைக் கிலோ பருப்பு கேட்டால், "பாக்கெட்டா வேணும்னா எடுங்க, இல்லன்னா நகருங்க" என்கிறாள் கல்லாவில் இருக்கிற பெண். கையில் காசில்லாத நாளில் அங்கே யாரிடம் போய்ச் சிரிப்பது? மந்திரி நேற்று மறுபடி வந்து விலைவாசி இறங்கிவிட்டது என்றார். பொய் சொல்லக்கூடாது, உங்கள் பூட்டின கடைக் கதவில் எல்லாமே மலிவாகத்தான் இருக்கிறது.

புத்தி கெட்டுப் போய்ச் செய்துவிட்டேன். திட்டுவதை நேரில் வந்து திட்டுங்கள். வந்த கையோடு கடையைத் திறந்துவிடுங்கள். கேட்கிற விலையை வாயைத் திறக்காமல் கொடுக்கிறேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பேரப்பிள்ளைக்கு என் சார்பில் ஒரு முத்தம். அதற்கு இன்னும் விலை வைக்கவில்லை.

இப்படிக்கு,
தலைநிமிர்ந்து தெருவில் நடக்க முடியாத
உங்கள் மச்சினன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது புகார் ஆபீஸிலிருந்து போன் வந்தது. "சார், உங்க புகார் இன்னிக்குத்தான் எங்க கைக்கு வந்துச்சு. நாளைக்கு அந்தக் கடைக்கே நேர்ல வர்றோம்" என்றார்கள். அப்படியானால் அன்றைக்கு வந்தவர்கள் வேறு யாரோ சொல்லி வந்தவர்கள்! ஆகவே மேலே நான் ஒப்புக்கொண்டது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். தயவுசெய்து கடையையும் திறந்துவிடாதீர்கள். புகாரை வாபஸ் வாங்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அதற்குக் கட்டணம் உண்டாம். போன வாரம்தான் ஏற்றினார்களாம்.